ஆஃபர் மாப்பிள்ளையின் விளக்குகள்

துண்டை வெந்நீரில் முக்கி, சொட்டு விழாமல் முறுக்கிப் பிழிந்து, உள்ளங்கையில் உறை போலச் சுற்றிக்கொண்டாள் சிஸ்டர். கழுத்தில் தொடங்கி முதுகு, முதுகிலிருந்து இடுப்பு, அப்புறம் கீழே. சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குத் துண்டு போகலாம். திரும்பி வரக் கூடாது. ஆஸ்பத்திரி வார்டுகளில் ஊரார் உடம்பைத் துடைத்தே தேய்ந்த கை அது. இப்போது கட்டிய கணவரைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஊரார் உடம்பானால் இரண்டு நல்ல வார்த்தையாவது சொல்லும். இந்த உடம்பு, "மெதுவாத் தேயேன், பஸ்ஸா கழுவுற?" என்றது.

அவள் நர்ஸ் இல்லை. நர்ஸுக்கு உதவியாக நிற்கும் பராமரிப்புப் பணியாளாக இருந்தவள். ஆனால் வெள்ளை உடுப்பில் யார் போனாலும் சிஸ்டர் என்று கூப்பிட்டுப் பழகிய தெரு, அவளையும் அப்படியே கூப்பிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். பெயர் ஓய்வு பெற மறுத்துவிட்டது.

இடுப்புக்குக் கீழே துண்டு போகும் நேரம் பார்த்து, தலைக்கு மேலே தட்டு போல ஒட்டிக்கொண்டிருந்த விளக்கு வெள்ளையிலிருந்து பழுத்த பப்பாளி நிறத்துக்கு மாறியது.

"வந்துடுச்சு சனியன்," என்றாள் சிஸ்டர், விளக்கைப் பார்த்து.

கணவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

அது படுக்கையறை. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தது. நடுப்பகலிலும் விளக்குப் போடாமல் அங்கே சட்டைப் பொத்தான் போட முடியாது. அந்த அறையில் வெளிச்சம் கெட்டால் சிஸ்டருக்குக் கண் கெட்ட மாதிரி. ஏனென்றால் அவள் தினமும் சாயங்காலம் அங்கே தேடிக்கொண்டிருந்தது ஒரு நிறத்தை.

கணவர் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு தப்பித்தது, கொஞ்சம் குழறலோடு. வாய்க்கொழுப்பு முழுசாகவே தப்பித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்கள். தோல் முழுசாக இருக்கும்வரை நாற்காலியில் உட்காரலாம். தோல் உடைந்து புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கை. அந்த வயதில், அந்த உடம்பில், மாதக்கணக்கில் படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததை சிஸ்டர் அதிகம் பார்த்ததில்லை. படுக்கைப் புண் திருடன் மாதிரி சத்தமில்லாமல் வரும். முதலில் தோலில் ஓர் இடம் சுற்றிலும் உள்ளதைவிடக் கருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் மாறாது. அந்த நேரத்தில் கண்டுபிடித்துப் பாரத்தை எடுத்துவிட்டால் பிழைத்தது. இரண்டு நாள் விட்டால் போச்சு.

பப்பாளி வெளிச்சத்தில் எல்லாத் தோலும் ஒரே நிறம்.

டார்ச் இருந்தது. ஒரு கையால் ஆளைச் சாய்த்துப் பிடித்து, மறு கையால் துடைக்கிறவளுக்கு டார்ச் பிடிக்க மூன்றாவது கை இல்லை. விரலால் தொட்டுப் பார்ப்பாள். வெந்நீரில் ஊறிய விரலுக்குச் சூடு எங்கே தெரியும்? "இங்க வலிக்குதா?" என்று கேட்பாள். "இல்ல," என்பார். அத்தோடு பவுடர் போட்டு, வேட்டியை இழுத்துவிட்டு, மாப்பிள்ளையை மனதுக்குள் நாலு வசவு வைவாள். தினசரி நடைமுறை இதுதான்.

மாப்பிள்ளையை ஏன் வைய வேண்டும் என்றால், அந்த விளக்குகள் அவர் கொண்டுவந்தவை.

மகளைக் கட்டியவர் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடியில்லை, புகையில்லை. ஒரே வியாதி, தள்ளுபடி. காலுக்குச் சிறியதான செருப்பை விலை குறைவு என்று வாங்கி, விரலை மடக்கிக்கொண்டு ஒரு வருஷம் நடந்தவர். சிஸ்டர் அவருக்கு வைத்த பெயர் ஆஃபர் மாப்பிள்ளை. எதிரில் கூப்பிடும்போது மட்டும் ஆஃபரை விட்டுவிடுவாள்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த குழல் விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, வீடு முழுக்க வட்ட வட்டமாக ஸ்மார்ட் லைட் மாட்டினார். போனில் தட்டினால் எரியும், தட்டினால் அணையும், இழுத்தால் நிறம் மாறும். பெரிய கம்பெனி விளக்கும் இதுவும் ஒரே ஃபேக்டரியில் செய்வது, அவர்கள் பெயருக்குக் காசு வாங்குகிறார்கள், நாலில் ஒரு பங்கு விலைக்கு அதே சாமான் என்று விளக்கினார். சுவரில் உள்ள சுவிட்சைத் தொடவே கூடாது, தொட்டால் விளக்குக்கு வைஃபை மறந்துவிடும் என்று ஒவ்வொரு சுவிட்சின் மேலும் டேப் ஒட்டினார்.

சுவிட்ச் உள்ள விளக்கின் சுவிட்சை மூடி வைத்துவிட்டு, விளக்கைப் போடப் போனைத் தேடுவது எந்த ஊர் புத்திசாலித்தனம் என்று சிஸ்டருக்கு விளங்கவில்லை. விளங்காதது அவள் குறையும் இல்லை. சமையலறை விளக்கு விடியுமுன் யாரும் கேட்காமலே எரிந்தது. குளியலறை விளக்கை மங்கலாக வைத்தால் கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. நடையில் மாட்டியது ஒரு மாதத்தில் செத்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டு வந்தது, ஆள் வரவில்லை. முன்னறை விளக்கு அடிக்கடி இணைப்பை விட்டுவிட்டுப் போய்விடும். அதைத் திரும்பக் கூப்பிட, செயலியை மூடித் திறந்து, அது புதுப்பிக்கச் சொல்வதைப் புதுப்பித்து, இருட்டில் நின்று காத்திருக்க வேண்டும். விலை குறைவாம். அவள் நின்ற நேரத்துக்கு யார் விலை போட்டார்கள்?

முதல் வாரமே ஆத்திரத்தில் டேப்பைப் பிய்த்துவிட்டுப் படுக்கையறை சுவிட்சைப் படபடவென்று போட்டுப் போட்டு அணைத்தாள். விளக்கு ஆம்புலன்ஸ் மாதிரி விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து முகத்தை உம்மென்று வைத்திருந்த கணவர் அன்று இருமல் வரும்வரை சிரித்தார். மாப்பிள்ளை வேலையை விட்டு ஓடிவந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைத்து, புது டேப் ஒட்டினார். இனிமேல் சுவரைத் தொட மாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தானோ என்னவோ, மாப்பிள்ளை தன் பழைய போனில் செயலியைப் போட்டு மாமனார் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குரங்கு கைக்குப் பூமாலை கிடைத்தது. வலது கைக் கட்டைவிரல் ஒன்றை வைத்து அவர் வீட்டை ஆளத் தொடங்கினார். சிஸ்டர் குழம்பு தாளிக்கும்போது சமையலறை ஊதாவாகும். குளித்துக்கொண்டிருக்கும்போது அணையும். கத்தினால், "நெட்வொர்க்," என்பார்.

"அந்தப் போனைக் கீழ வைங்க," என்று ஒருநாள் அதட்டினாள்.

"இந்த வீட்டுல என் பேச்சைக் கேக்கறது அது ஒண்ணுதான்டி," என்றார்.

"அதுவும் பாதி நேரம் கேக்கறதில்ல."

"நீ முழு நேரமும் கேக்கறதில்ல."

போனை விட்டால் அவருக்கு இருந்த இன்னொரு சொத்து முன்னறை ஜன்னலோரத்தில் நிற்கும் சக்கர நாற்காலி. வீட்டெதிரே தெரு சட்டென்று ஒடியும். வழித்தட பஸ்கள் அந்த முனையில் ஸ்டீயரிங்கை நன்றாக ஒடித்துத் திரும்ப வேண்டும். காலை உணவு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தால், சாயங்காலம்வரை ஒவ்வொரு டிரைவரும் எப்படித் திருப்புகிறான் என்று பார்ப்பதுதான் வேலை. "பின் சக்கரத்த எங்கடா விட்ட, மடையா," என்பார். எவனாவது ஒரே வீச்சில் சுத்தமாகத் திருப்பினால் பேசாமல் இருப்பார், அதுதான் பாராட்டு. நடுநடுவே வலது கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பாரத்தை மாற்ற வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தாள். சரி சரி என்பார். பஸ் வந்தால் மறந்துவிடுவார். பஸ் வந்துகொண்டே இருக்கும்.

துடைக்கும் நேரத்தில் விளக்கு பப்பாளியாகும் தொல்லை தொடங்கியபோது, அவள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்க்கும்போதெல்லாம் விளக்கு பால் போல எரிந்தது. அவர் போனதும் மறுநாள் பழையபடி. கடைசியில் அவர் அந்த விளக்கையே கழற்றி, புதிதாக இன்னொன்று மாட்டினார். அதுவும் துண்டு இடுப்பைத் தாண்டியதும் நிறம் மாறியது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் வைஃபை ஓடுவதால் நெரிசல் இருக்கும் என்று அவர் ஒரு விளக்கம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

சிஸ்டர் மகள் எதிரிலேயே கேட்டுவிட்டாள். "தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நீங்க குடுத்த மாட்டுக்குப் பல்லே இல்லைங்க."

மாப்பிள்ளை ஏணியை மடக்கினார். "லைட்டு நல்லாத்தான் இருக்கு அத்தை. உங்களுக்கு என்னைத்தான் பிடிக்கல."

"ரெண்டுந்தான்," என்றாள் சிஸ்டர்.

அதற்குப் பிறகு மகள் அந்தப் பக்கம் வரவில்லை. அப்பாவின் போனுக்கு மட்டும் கூப்பிட்டுப் பேசினாள்.

இப்போதும் அதே கதைதான். மாலை, துண்டு, பப்பாளி. சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். நாளைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இந்தத் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை, மகள் முகம் கோணினால் கோணட்டும் என்று நினைத்தபோது மின்சாரம் போய்விட்டது. தெரு முழுக்க இருண்டது. ஈரத் துண்டோடு அவள் அப்படியே நின்றாள். பாதி துடைத்த உடம்பைக் குளிரில் விட்டுவிட்டு டார்ச் தேடப் போக முடியாது. சாய்த்த ஆளைத் தனியாக விட்டால் உருண்டுவிடுவார். போர்வையை இழுத்து மூடி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. விளக்கும் வந்தது, வெள்ளையாக. பழைய குழல் விளக்குக்கூட அப்படி எரிந்ததில்லை. மின்சாரம் போய் வந்தால் இந்த விளக்கு எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்த புதிதில் இருந்த வெள்ளைக்குத் திரும்பிவிடும். வைஃபை பெட்டி விழித்து, இணைப்புக் கிடைக்கும்வரை யார் சொன்னாலும் கேட்காது. இதெல்லாம் சிஸ்டருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, போர்வையை எடுத்ததும் வெளிச்சம் இருந்தது என்பதுதான்.

வலது பக்கம், உட்காரும் எலும்பு முட்டும் இடத்தில், உள்ளங்கைக் குழி அளவு கருநீலம்.

துண்டைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக் காயவைத்து, புறங்கையால் தொட்டாள். சுட்டது. விரலால் அழுத்தி எடுத்தாள். நிறம் மாறவில்லை. நடுவில் தோல் மெழுகுத்தாள் போல மினுங்கியது. இன்னும் உடையவில்லை. நேற்று வந்ததும் இல்லை. அழுத்தியபோது கணவரின் முதுகு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியதை அவள் பார்த்தாள். வலது பக்கம் அவருக்கு நல்ல பக்கம். அங்கே எல்லாம் தெரியும்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல."

அப்போது விளக்கு பப்பாளியாயிற்று.

சிஸ்டர் மேலே பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டிச் சுவர்ப்பக்கம் பார்த்தாள். தலையணைக்கும் சுவருக்கும் நடுவில், வலது கையில் போன். கட்டைவிரல் இன்னும் திரையின் மேலேயே இருந்தது.

நோயாளியை நம்பாதே, தோலை நம்பு என்று பயிற்சியில் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்குகிறவர், மெத்தைக்கடியில் இனிப்பு வைக்கிறவர், தெர்மாமீட்டரைத் தேநீரில் தோய்க்கிறவர் என்று எத்தனை பேரை அவள் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். சொந்த வீட்டில் கோட்டை விட்டாள். அந்த விளக்கு அவ்வளவு கேவலமான விளக்கு. அது தப்புச் செய்தால் தப்பென்றுதான் தோன்றியதே ஒழிய, யாரோ சொல்லிச் செய்கிறது என்று தோன்றவில்லை. மாப்பிள்ளை மேல் இருந்த வெறுப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான். எத்தனை நாளா மறைக்கிறீங்க?"

"சீட்டுப் புண்ணு எனக்குத் தெரியாதா? வண்டி ஓட்டினப்ப வராததா? தானா ஆறும்."

"அப்ப எழுந்து நடந்தீங்க. ஆறிச்சு. இப்ப எங்க எழுந்தீங்க?"

"சொன்னா நாற்காலிய எடுத்துடுவ."

"எடுக்கத்தான் போறேன்."

"அதான் சொல்லல." குழறல் கூடியது. "இந்த ரூம்ல படுத்துக்கிட்டு என்னத்தப் பாக்கச் சொல்ற? அந்த லைட்டயா?"

ஒருவரை ஏமாற்றுவதற்குக்கூடத் தகுதி வேண்டும். ஒரு கை, ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு தன்னையும் மாப்பிள்ளையையும் ஏணியோடு அலையவிட்ட மனுஷன் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கையில் பிடித்திருந்த உடம்பை முடித்தாக வேண்டும். மீதியைத் துடைத்தாள். அந்த இடத்தைத் தேய்க்காமல் ஒற்றினாள். முதுகுக்குப் பின்னால் தலையணை, முழங்காலுக்கு நடுவில் ஒன்று, விழுந்த தோள் நசுங்காமல் கையை முன்னால் இழுத்து வைத்து இடப்பக்கமாகப் படுக்கவைத்தாள். போனை வாங்கி அலமாரி மேல் வைத்தாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"உடைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்," என்றார் அவர்.

அன்று சாப்பாட்டை அவள் ஊட்டினாள், அவர் விழுங்கினார். பக்கம் மாற்ற அவள் எழுந்து வந்தபோதெல்லாம் அவர் விழித்தபடியே கிடந்தார்.

மறுநாள் காலை, பால் காய்ச்சுமுன்பே சிஸ்டர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். ஏணியும், அவர் கழற்றி எடுத்துப்போன பழைய குழல் விளக்கு ஒன்றும் கொண்டு வரச் சொன்னாள். வேலைக்குப் போகும் வழியில் அவர் வந்தார். சண்டைக்குத் தயாரான முகம். பின்னாலேயே மகள், அதைவிடத் தயாராக.

"மாப்பிள்ளை, படுக்கையறை லைட்டுல கோளாறு ஒண்ணும் இல்ல," என்றாள் சிஸ்டர். "உங்க மாமா பண்ணின வேலை. உங்கள ஏசினது என் தப்பு."

மாப்பிள்ளையின் முகத்தில் மெதுவாக ஒரு விடியல் கிளம்பியது. வாய் திறக்கப் போனார்.

"மத்ததெல்லாம் குப்பைதான்," என்றாள் அவள். "அதுல மாத்தமில்ல."

மகளைக் கூட்டிப்போய்க் கருத்த இடத்தைக் காட்டினாள். மகள் அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்து, அழுகையில் முடித்தாள். அழுது முடிக்கட்டும் என்று சிஸ்டர் அவகாசம் கொடுக்கவில்லை. கணவரைத் தரையில் கனமான விரிப்பில் இறக்கவைத்து, கட்டிலின் ஒரு கால்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். முன்னறை சோபாவைப் புறக்கடைக்குத் தள்ளினார்கள். கட்டில் வாசல் நிலையில் இடித்தது. மாப்பிள்ளை சக்கர நாற்காலியை நடையில் நிறுத்திவிட்டு, கட்டிலைக் கழற்றி, முன்னறையில் திரும்பப் பூட்டினார். அந்த வேலை அவருக்கு நன்றாகவே வந்தது. இடப்பக்கமாகப் படுத்தால் முகம் ஜன்னலைப் பார்க்கும்படி தலைமாட்டை எங்கே வைப்பது என்று சிஸ்டர் தானே ஒருமுறை படுத்துப் பார்த்துச் சொன்னாள். குழல் விளக்கைச் சுவரில் மாட்டினார்கள், சுவிட்சின் டேப்பைப் பிய்த்தார்கள். மேலே இருந்த வட்ட விளக்கையும் கழற்றட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார்.

"இருக்கட்டும். அவர் ஏதாவது தட்டிக்கிட்டிருக்கட்டும். துடைக்கறப்ப மட்டும் என் சுவிட்சு."

நாலு பேராகப் போர்வையோடு தூக்கிக் கொண்டுவந்து படுக்கவைக்க, அடுத்த வீட்டு மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டியிருந்தது. கணவர் எதற்கும் நன்றி சொல்லவில்லை. தலையணை தாழ்வு என்றார். உயர்த்தினாள். இப்போது உயரம் என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லோரும் போன பிறகு திரைச்சீலையை ஒரு ஓரத்துக்கு இழுத்துவிட்டாள். வெயில் கட்டிலின் பாதிவரை வந்தது. தெருமுனையில் ஒரு பஸ் திணறித் திணறித் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஒடிடா, ஒடி, இன்னும்," என்றார் கணவர் ஜன்னலைப் பார்த்து.

"அசையாதீங்க," என்று வேட்டியை விலக்கி, அந்த இடத்தை வெயிலில் பார்த்து, விரலை வைத்து அழுத்தினாள் சிஸ்டர்.